தார் ஊற்றாத பெட்டி

எங்கள் அறையில் ஒரு பொருள் ஒழுங்காக மூடியிருந்தால் அது என்னுடையது. திருகாணி கழன்று, வயிறு தெரியக் கிடந்தால் அது அவளுடையது. மேசை விசிறி, அயர்ன் பாக்ஸ், கொசு மெஷின், ஊரிலிருந்து அவள் அப்பா கொடுத்தனுப்பிய டார்ச் லைட் என்று எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. கெட்டுப்போனதால் திறந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் திறந்தாள். "ஓடுதில்ல, எதனால ஓடுதுன்னு பாக்க வேணாமா?" என்பாள். நான் என் செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவள். அவள் தளி தாண்டி, ஜவளகிரிக் காட்டோரத்து ஊர்க்காரி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், அதனால் அக்கா. நான் 'வாரேன், சொல்லுதேன்' என்றால் அவள் அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுவாள். அவள் 'வரன், சொல்றன்' என்பதை நான் சொல்லிக் காட்டுவேன். இப்படித்தான் சிநேகிதம் ஆனோம்.

இருவரும் ஒரே கம்பெனியில், ஒரே லைனில், கான்ட்ராக்டில் இருந்தோம். எங்கள் வேலைக்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் உண்டு, நாங்கள் தார் ஊற்றுவது என்போம். பைக்கில் ஸ்பார்க் கொடுக்கிற சின்ன எலக்ட்ரானிக் போர்டுகள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் உட்கார்ந்து வரிசையாக வரும். இரண்டு திரவத்தைக் கலந்த கருப்புப் பிசினை அவற்றின் மேல் ஊற்ற வேண்டும். ஆறினால் கல். மழை, தூசி எதுவும் உள்ளே போகாது. மனிதர் கையும் போகாது. அதற்குப் பிறகு டெஸ்டில் ஒன்று ஃபெயில் ஆனால், உள்ளே ஏதோ ஒரு பாகத்தின் ஒரே ஒரு கம்பிக்கால் ஒட்டாமல் விட்டிருந்தாலும், சிவப்புத் தொட்டியில் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அவள் ஊற்றினால் ஒரு குமிழி இருக்காது. புதிதாக வருகிற பெண்களை சூப்பர்வைசர் அவள் பக்கத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துவார். ஆனால் ஷிஃப்ட் முடிந்து போகும்போது அந்தச் சிவப்புத் தொட்டியை ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் அவள் போனதில்லை. "இது ஒண்ணும் சாவல. மூடிட்டாங்க, அவ்ளோதான்" என்பாள்.

இந்த லட்சணத்தில் அவளுக்கு கிதார் வேறு வாசிக்கத் தெரியும். அவள் ஊர் மாதா கோவிலில் பாடல் குழுவில் கற்றுக்கொண்டது. அந்தக் கோவிலில் ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி இருந்ததாம். எலி புகுந்து உள்ளே இருந்த அட்டையைக் கிழித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கிதாரை அதில் சொருகி முதல் கம்பியைத் தட்டியதும் ஊரே காதைப் பொத்தியது. அவளுக்கு மட்டும் அது பிடித்துவிட்டது. "எனக்கு ஒடம்பு பூரா சிலுத்துப் போச்சு. இத்தினி நாளா கிதாரு வாயப் பொத்திகினு இருந்துச்சுன்னு நெனச்சன்" என்று சொன்னாள். எல்லாரும் எலியைத் திட்டினார்கள், இவள் அந்த எலி என்ன செய்தது என்று யோசித்திருக்கிறாள்.

எலி செய்ததைத் தானும் செய்யத்தான் பெட்டிகள். கிதாரிலிருந்து வரும் ஒயர் தரையில் இருக்கிற ஒரு சின்ன உலோகப் பெட்டிக்குள் போய், அதற்குப் பிறகு ஸ்பீக்கருக்குப் போகும். காலால் ஒரு மிதி மிதித்தால் வழுவழுவென்று வந்துகொண்டிருந்த சத்தம் முரடாகிவிடும். இசைக்கருவிக் கடையில் டிஸ்டார்ஷன் பெடல் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அவள் அதைப் பெட்டி என்பாள். கடைப் பெட்டி ஒன்று வாங்கினாள், அன்றைக்கே திறந்தாள், ஒரு வாரத்தில் அதற்குள் கடைக்காரன் வைத்தது பாதிதான் மிச்சம் இருந்தது. பிறகு தானே செய்ய ஆரம்பித்தாள்.

எனக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் விளக்கினாள். சத்தம் அலையாக ஏறி இறங்குகிறது, அதன் தலையைச் சீவிவிட்டால் முரடாகிறது. சீவுகிற கத்திதான் டயோடு, அரிசி அளவு ஒரு பாகம். பழைய ரேடியோவில் இருக்கிற டயோடு ஒருமாதிரி சீவும், புதியது ஒருமாதிரி சீவும், சிவப்பு லைட் எரிகிற சின்ன பல்பைப் போட்டாலும் அது ஒருமாதிரி சீவும். கிருஷ்ணகிரிக்குப் போனால் மற்றவர்கள் மாம்பழம் வாங்கி வருவார்கள், இவள் பழைய இரும்புக் கடையில் செத்த ரேடியோ வாங்கி வருவாள். பெட்டிக்கு வார்ப்படக் கம்பெனிகள் கழித்துப்போட்ட அலுமினியக் கூடுகள் எடைக்குக் கிடைக்கும். நான் பிடித்துக்கொள்ள, அவள் துளை போடுவாள். வாரத்துக்கு ஒருநாள் லீவு, அதில் பாதி எனக்கு இப்படிப் போனது. முணுமுணுத்துக்கொண்டேதான் பிடித்தேன், ஆனால் பிடித்தேன்.

கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா. கன்னடக்காரர், மூன்று பாஷையிலும் சரளமாகத் திட்டுவார். முதல் பெட்டியை இவள் சொருகி மிதித்த அன்று அவர் சட்னி அரைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மிக்சி மோட்டார் எரிகிறது என்று ஸ்விட்சை அணைத்து நிறுத்திவிட்டார். நிறுத்தியும் சத்தம் நிற்கவில்லை. ப்ளக்கைப் பிடுங்கியிருக்கிறார். அப்போதும் நிற்கவில்லை. மிக்சியைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார், அதற்குள் இருந்து ஏதோ கத்துகிறது என்று. இவள் மிக்சியை வாங்கி, சும்மா இருக்காமல், அதையும் திறந்து துடைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து வீட்டுக்கார அம்மா எங்கள் பக்கம்.

ஃபாதரைத் தன் பக்கம் இழுக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது. ஓசூரில் அவள் போகிற கோவிலில் பெட்டியைப் பூசையில் மிதிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரிய வெள்ளிக்கு முன்னால் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போட்டபோது அவரே வந்து கேட்டார். ஆண்டவர் உயிர்விட்டதும் பூமி அதிர வேண்டும், தகரத்தைத் தட்டினால் சிரிக்கிறார்கள், உன்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று. இவள் மிதித்தாள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண், எனக்கே கை தானாகச் சிலுவை போடப் போனது. நாடகம் முடிந்து ஃபாதர் பாராட்ட வந்தால், இவள் நான்கு திருகாணியையும் கழற்றி அவர் கையில் பெட்டியைக் கொடுத்து, "உள்ள பாருங்க ஃபாதர்" என்கிறாள். அவர் பாவம், கண்ணாடியைத் தேடினார்.

பெட்டி கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பேரிகைப் பக்கத்துத் தெலுங்குக்காரர் ஒருவர், பகலில் ஃபிட்டர், கல்யாண சீசனில் ஆர்கெஸ்ட்ராவில் கிதார். எப்படிச் சத்தம் வேண்டும் என்று கேட்டதற்கு, கரகரன்னு வேண்டும் என்றார். இவள் பழைய ரேடியோ டயோடெல்லாம் போட்டு, இரண்டு வாரம் மெனக்கெட்டுச் செய்தாள். வந்தார், வாசித்தார், முகம் தொங்கிப்போனது.

"என்னம்மா இது, சளி புடிச்ச மாதிரி இருக்குது? நான் கரகரன்னு இல்ல கேட்டன்?"

"கரகரன்னுதாங்க இருக்குது."

"எங்க இருக்குது?"

இப்படி இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கரகர, கரகர என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாதான் பஞ்சாயத்தைத் தீர்த்துவைத்தார். தெலுங்கில் கரகர என்றால் கடிக்கும்போது நொறுங்குவது. தமிழில் தொண்டை கட்டிக்கொள்வது. "அவரு முறுக்கு கேட்டாரு. நீ தொண்டயக் குடுத்திருக்கற."

அவள் அன்றைக்குச் சிரித்த மாதிரி ஒருத்தி சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பெட்டியைத் திறந்து, டயோடு ஒவ்வொன்றாக அவர் கையிலேயே கொடுத்து மாட்டச் சொன்னாள். முறுக்கு வரும்வரை அவரே மாற்றி மாற்றி மாட்டினார். வந்ததும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. தொண்டையையும் அவள் தூக்கிப் போடவில்லை. ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தாள். இந்தப் பக்கம் தள்ளினால் தொண்டை, அந்தப் பக்கம் தள்ளினால் முறுக்கு. ஆணியால் ஒரு பக்கம் தமிழ் 'த', மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'தெ' என்று கீறினாள்.

எங்கள் பாஷைக்கு எங்கே என்று வீட்டுக்கார அம்மா கேட்டுவிட்டார். அந்த ஸ்விட்ச் நடுவிலும் நிற்கும். நடுவில் நின்றால் எந்த டயோடும் கிடையாது, தலை சீவாத சத்தம், மற்ற இரண்டையும்விடப் பெரிதாகக் கேட்கும். அங்கே கன்னடத்தில் 'க' கீறினாள். அந்த அம்மா மூன்றையும் போடச் சொல்லிக் கேட்டார். "சரியாத்தான் வெச்சிருக்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

மூன்று பாஷைப் பெட்டி ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் வழியாக எல்லை தாண்டிப் பெங்களூருக்குப் போனது. ஒவ்வொரு பெட்டியையும் கொடுக்கும்போது, எப்படித் திறப்பது, எதை மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்லித்தான் அனுப்புவாள். உள்ளே மூடிக்கு அடியில் நாலைந்து டயோடு ஒட்டி வைத்திருப்பாள். "எனக்குப் புடிச்சத நான் பண்ணிட்டன், மிச்சத்த நீங்க பண்ணிக்கங்க" என்பாள். வாங்கினவர்களில் சிலர் பயந்து திறக்கவே மாட்டார்கள். அவர்களைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தம் உண்டு.

ஒரு சனிக்கிழமை பெங்களூரிலிருந்து இசைக்கருவிக் கடைக்காரர் ஒருவர் காரில் வந்தார். நல்ல மனிதர், அதை மறைக்க மாட்டேன். பெட்டியை வாசித்துப் பார்த்தார், வாசித்துக்கொண்டே இருந்தார். மாதாமாதம் வேண்டும், எத்தனை செய்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நிபந்தனை ஒன்றுதான். அவர் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, உள்ளே கருப்புப் பிசின் ஊற்றி மூடிவிட வேண்டும் என்றார். பெங்களூரில் எல்லாரும் கைதேர்ந்தவர்கள், திறந்தால் பார்த்த அன்றைக்கே காப்பி அடித்துவிடுவார்கள், ஊற்றிவிட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தார் ஊற்ற இவளுக்கா சொல்லிக் கொடுக்க வேண்டும்?

அவர் வந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். அந்த மாதத்தோடு எங்கள் லைனில் பாதிப் பேரின் கான்ட்ராக்ட் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. அவள் அந்தப் பாதியில் இருந்தாள். கடைக்காரருக்குச் சரி என்று சொன்னால் சூளகிரியில் ஒரு சின்ன ஷெட் எடுத்து, தன் மேசை, தன் வேலை என்று உட்காரலாம். அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். இல்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஜவளகிரி பஸ் ஏற வேண்டும், அல்லது இன்னொரு கம்பெனி வாசலில் நின்று இன்னொரு தார் லைன் தேட வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் முதலில் யோசிக்கவில்லை. சாம்பிளுக்கு ஒரு பெட்டி செய்து, ஊற்றினாள். ஒரு குமிழி இல்லை. முகம் பார்க்கலாம் போலக் கருப்பாக மின்னியது. மிதித்தால் அதே சத்தம், கொஞ்சமும் மாறவில்லை. எனக்கு அப்போதே ஷெட்டுக்குப் பூட்டு வாங்கிவிடலாம் போலிருந்தது.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அந்தப் பெட்டி வாயை மூடிக்கொண்டது. பிசின் ஆறும்போது சுருங்கும், சுருங்கினால் உள்ளே ஏதாவது ஒரு கால் இழுபட்டு விட்டுப்போகும். லைனில் தினமும் பார்க்கிறதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சுடுகாற்றுத் துப்பாக்கியையும் ஸ்க்ரூடிரைவரையும் வைத்துக்கொண்டு சுரண்ட உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. துளித்துளியாகப் பிசின் வந்தது, அதோடு டயோடும் வந்தது, போர்டில் ஓடுகிற செப்புக் கோடும் உரிந்து வந்தது. கடைசியில் எது எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியாத ஒரு கருப்புப் பொடிதான் செய்தித்தாளில் கிடந்தது.

"நான் பண்ணதுக்குள்ள என்னாலயே போவ முடியல" என்றாள். அழுகிறாளா என்று பார்த்தேன். இல்லை. அவளுக்குக் கோபம். அந்தக் கோபம் தன் மேலேயா, கடைக்காரர் மேலேயா, நாங்கள் இத்தனை காலம் ஊற்றின அத்தனையின் மேலேயுமா என்று தெரியவில்லை.

வேறு ஒன்று ஊற்றலாம்க்கா, இது ஏதோ ஒன்று அப்படி ஆகிவிட்டது என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவள் போனை எடுத்தாள். கன்னடத்தில் பேசினாள், எனக்கு அதற்குள் அந்த அளவுக்குப் புரியும். திறந்த பெட்டி என்றால் எத்தனை வேண்டுமானாலும் செய்து தருகிறேன், ஊற்றித் தர மாட்டேன் என்றாள். அந்தப் பக்கம் அவர் பொறுமையாகத்தான் பேசினார். அப்படி விட்டால் நாளைக்கு எவனாவது இதைத் திறந்து பார்த்து, தான் செய்தது என்று சொல்லிக்கொள்வான், உனக்கு ஒன்றும் மிஞ்சாது என்றார்.

"சொல்லிக்கட்டும் சார். தொறந்தாச்சும் பாத்தான் இல்ல?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. வாழத் தெரியாதவள் என்று வீட்டுக்கார அம்மாவிடம் போய்ப் புலம்பினேன். அவர் எனக்குக் காபி கொடுத்து, அவள் பக்கம் பேசினார்.

கான்ட்ராக்ட் முடிந்தது. ஆனால் அவள் ஜவளகிரி பஸ் ஏறவில்லை. சூளகிரியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் ஒருவர் தன் மேசையில் பாதியைக் கொடுத்தார். கோவில் மைக், மசூதி ஆம்ப்ளிஃபையர், பள்ளிக்கூட ஸ்பீக்கர், கீபோர்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் திறந்து சரிசெய்தாள், நடுவில் பெட்டிகளும் செய்தாள். முதல் வருடம் கஷ்டப்பட்டாள், அது அவள் உடம்பிலேயே தெரிந்தது. பிறகு பாயின் பாதியையும் அவளே எடுத்துக்கொள்கிற அளவுக்கு வேலை வந்தது. நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை மாறிப் போய்விட்டேன். அங்கே இருக்கிறவர்களிடம், எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், பெட்டி செய்வாள் என்று நான் சொல்லிச் சொல்லி அவர்கள் காது புளித்துப்போயிருக்கும்.

ஒரு தடவை அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, கிருஷ்ணகிரியில் ஒரு மாதா கோவில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் சரிபார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நானும் பஸ் ஏறினேன். நல்ல வெயில் நேரம். பாடல் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று கிதாரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உறுமுகிற மாதிரி ஆரம்பித்து, போகப் போக அழுகிற மாதிரி இழுத்து நின்றது. அவள் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டாள். நேரே அந்த கிதார்க்காரரிடம் போனாள். முப்பது வயது இருக்கும், மாம்பழக்கூழ் ஆலையில் பாய்லர் ஆபரேட்டர் என்று பிறகு தெரிந்தது. அவர் காலடியில் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு பெட்டி.

"இது யாரு பண்ணதுங்க?" என்று கேட்டாள்.

"நானே பண்ணதுங்க மேடம்."

திறந்து பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் பெருமையாகவே திறந்தார். நான் குனிந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கம் துளைக்குப் பக்கத்தில் ட்ரில் சறுக்கிப் போன ஒரு நீளக் கீறல். அது சறுக்கியபோது கூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது நான், என் விரல்தான் தப்பித்தது. போர்டும் அவள் போர்டுதான். ஆனால் அதன்மேல் இருந்த எதுவும் அவளுடையது இல்லை. டயோடு வேறு, பாகங்கள் வேறு, பக்கத்தில் இன்னொரு குட்டி போர்டைச் சேர்த்து ஒயர் இழுத்திருந்தார். தர்மபுரியில் யாரிடமோ பழசாக வாங்கியதாம், ஓடாமல் கிடந்ததாம். திறந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள்.

அந்தக் குட்டி போர்டு எதற்கு என்று கேட்டாள். சத்தம் அடங்கும்போது மட்டும் சீவுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது, அதனால்தான் அந்த அழுகை என்று அவர் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எனக்குத் தோணவே இல்ல" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்ததும் இந்த மனுஷியோடு ஒரே அறையில் இருந்திருக்கிறேன் என்று அங்கே நிற்கிற எல்லாரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது. கால் இன்னும் அவள் செருப்புக்கு அடியில்தான் இருந்தது.

"எனக்கு இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுப்பீங்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "லேட் ஆவுங்க மேடம். முன்னாடியே ரெண்டு பேரு சொல்லி வெச்சிருக்காங்க."

"ஆவட்டும். மூணாவதா எம்பேர எழுதிக்கங்க" என்றாள்.